எந்த எல்லைக்குள் எண்ணுவது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் நீதிச் சட்டங்களில் மக்கள்தொகைத் தரவு (1979–2023)

ஆய்வுச் சுருக்கம்

கழிவுக் கிடங்குகளும் எரியூலைகளும் யாருடைய குடியிருப்புகளுக்கு அருகே அமைக்கப்படுகின்றன என்பதை நிறுவ, அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவு 1970களின் இறுதியிலிருந்து பயன்படுத்தப்பட்டு வருகிறது. முதலில் நீதிமன்றச் சான்றாகப் பயன்பட்ட இத்தரவு, நியூ ஜெர்சி மாநிலத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமம் மறுப்பதற்கான நுழைவாயிலாக மாறியது. இம்மாற்றத்தின் மையத்தில் இருந்த சிக்கல் புவியியல் அலகு பற்றியது என்றும், எந்த எல்லைக்குள் எண்ணுவது, யாரோடு ஒப்பிடுவது என்ற முடிவுகளே பல வேளைகளில் வழக்கின் முடிவையும் தீர்மானித்தன என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சுற்றுச்சூழல் நீதி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஹூஸ்டன், வாரன் கவுண்டி, நியூ ஜெர்சி, இனப் பாகுபாடு, நச்சுக்கழிவு

முன்னுரை

ஒரு குப்பைக் கிடங்கின் அருகில் யார் வாழ்கின்றனர் என்ற வினா எளியதாகவே தோன்றும். அருகில் என்பது எவ்வளவு தொலைவு, எந்தக் கோட்டுக்கு உட்பட்டோரை எண்ணுவது, எண்ணிக் கண்ட விகிதத்தை யாருடைய விகிதத்தோடு ஒப்பிடுவது என்று கேட்கத் தொடங்கியதும் அந்த எளிமை கலைந்துவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் போராட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதில் தவறில்லை. எனினும் அப்போராட்டங்கள் நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் கொண்டு சென்ற அட்டவணைகளுக்கும் தனி வரலாறு உண்டு. இக்கட்டுரை அதனையே பின்தொடர்கிறது.

இரண்டு கலைச்சொற்களை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 'டிராக்ட்' எனப்படுவது 1,200 முதல் 8,000 பேர் வரை வாழும் பகுதி. இங்கு அது 'கணக்கெடுப்பு வட்டாரம்' எனப்படும். அதன் உட்பிரிவான 'பிளாக் குரூப்' 600 முதல் 3,000 பேரைக் கொண்டது. இங்கு அது 'தொகுதிக் குழு' எனப்படும். இவற்றுக்கிடையிலான அளவு வேறுபாடு சிறியதன்று என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

ஹூஸ்டன், 1979

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், நார்த்வுட் மேனர் என்னும் கறுப்பின நடுத்தர வர்க்கக் குடியிருப்பில் 'விஸ்பரிங் பைன்ஸ்' என்ற பெயரில் ஒரு குப்பைக் கிடங்கு அமைக்க மாநில நலவாழ்வுத் துறை உரிமம் வழங்கியது. அதனை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் தொடுத்த பீன் எதிர் சவுத்வெஸ்டர்ன் வேஸ்ட் மேனேஜ்மெண்ட் என்ற வழக்கே, கழிவு இட அமைப்பில் இனப்பாகுபாட்டைக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்க் கேள்விக்குட்படுத்திய முதல் வழக்காகக் கருதப்படுகிறது. வழக்கறிஞர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட், சான்று திரட்டும் பணியைத் தம் கணவரும் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகச் சமூகவியலாளருமான ராபர்ட் புல்லார்டிடம் ஒப்படைத்தார். கணினி வழிப் புவித்தகவல் முறை கைக்கெட்டாத காலம் அது. நகராட்சிப் பதிவேடுகளையும் காகித வரைபடங்களையும் கொண்டு, மாணவர்களின் துணையுடன் பழைய கிடங்குகள் இருந்த இடங்களை அவர் ஒவ்வொன்றாகக் குறித்தார்.

அவர் கண்டவை பின்னாளில் பரவலாக அறியப்பட்டன. 1920களிலிருந்து 1978 வரை நகராட்சிக்குச் சொந்தமாக இருந்த 5 குப்பைக் கிடங்குகளும் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் அமைந்திருந்தன. நகராட்சி எரியூலைகள் 8இல் 6 அப்பகுதிகளிலேயே இருந்தன. நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழக் கால் பங்கினர் மட்டுமே.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி கேப்ரியல் கிர்க் மெக்டொனால்ட். டெக்சாஸில் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினத்தவர் அவர். பின்னாளில் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் தலைவராகவும் இருந்தார். இத்தகைய ஒருவர் முன் வந்த வழக்கில்கூட இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது ஏன்?

விடை ஓரளவு சட்டத்தில் இருந்தது. 1976, 1977ஆம் ஆண்டுகளின் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள், விளைவு சமமற்றதாக இருப்பது மட்டும் போதாது, பாகுபாடு காட்டும் நோக்கமும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று வரையறுத்திருந்தன. மீதி விடை அட்டவணையில் இருந்தது. வழக்குத் தொடுக்கப்பட்டது மாநிலத் துறையின் முடிவுக்கு எதிராக. ஆகவே நகராட்சியின் ஐம்பதாண்டு வரலாற்றைக் காட்டிலும் அத்துறை உரிமம் வழங்கிய 17 இடங்களையே நீதிமன்றம் முதன்மையாகக் கருதியது. அவற்றுள் 58.8 விழுக்காடு, அதாவது 10 இடங்கள், தொடங்கப்பட்ட காலத்தில் சிறுபான்மையினர் 25 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக இருந்த கணக்கெடுப்பு வட்டாரங்களில் இருந்தன. 82.4 விழுக்காடு, அதாவது 14 இடங்கள், சிறுபான்மையினர் பாதி அல்லது அதற்கும் குறைவாக இருந்த வட்டாரங்களில் இருந்தன. ஒரே நகரத்தின் குப்பை பற்றிய இரண்டு கணக்குகள் ஒன்றுக்கொன்று நேரெதிரான படங்களைத் தந்தன. இரண்டுமே பொய்யானவை அல்ல. எண்ணப்பட்ட இடங்களும் எண்ணிய எல்லைகளும் வேறு.

மெக்டொனால்ட் இதனை உணராமல் இல்லை. இன்னும் நுணுக்கமான தரவு இருந்திருந்தால், வெள்ளையர் மிகுந்த வட்டாரங்களில் அமைந்தனவாகக் காணப்படும் கிடங்குகளும் உண்மையில் சிறுபான்மையினர் குடியிருப்புகளுக்குள்ளேயே இருப்பது தெரியவரக்கூடும் என்றும், தம் முன் வைக்கப்பட்ட தரவு அதனைக் காட்டவில்லை என்றும் அவர் எழுதினார். குளிர்சாதன வசதியில்லாத ஓர் உயர்நிலைப் பள்ளியிலிருந்து 1,700 அடி தொலைவுக்குள் கிடங்கு அமைப்பது அறிவுக்குப் பொருந்தாது என்பதையும், முடிவெடுக்கும் இடத்தில் தாம் இருந்திருந்தால் உரிமத்தை மறுத்திருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்தார். தீங்கு விளையும் என ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அத்தீங்கைத் தடுக்கத் தன் கையில் சட்டம் இல்லை எனக் கூறிய தீர்ப்பு இது. சுற்றுச்சூழல் நீதி வரலாற்றில் இத்தீர்ப்பு 'தோல்வி' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்து செல்லப்படுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பிற்கால ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டுக் காலம் விவாதித்த அலகுச் சிக்கலை, அவர்களுக்கு முன்பே தெளிவாகச் சுட்டிக்காட்டிய ஆவணம் அது.

கிடங்கு அமைந்தது. எனினும் கிடங்கு உரிமம் கோருவோர் சுற்றுப்புறத்தின் நிலப்பயன்பாடு, பொருளாதாரம், மக்கள்தொகை குறித்த விரிவான தரவை அளிக்க வேண்டும் என மாநில நலவாழ்வுத் துறை தன் விதிகளைத் திருத்தியது. மக்களைப் பற்றிய கேள்வி உரிமப் படிவத்தில் இடம்பெற்றுவிட்டது. அதற்கான விடையை என்ன செய்வது என்பதைச் சட்டம் அப்போது சொல்லவில்லை.

நான்கு கிடங்குகளும் அஞ்சல் குறியீடுகளும்

1978இல் வட கரோலினாவின் 14 கவுண்டிகளில் சாலையோரங்களில் பிசிபி எனப்படும் நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெய் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்டது. அம்மண்ணை அள்ளிப் புதைப்பதற்கு, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் வாரன் கவுண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1982 செப்டம்பரில் லாரிகளின் முன் மக்கள் படுத்து மறித்தனர். 500க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். கைதானவர்களுள் ஒருவர் அமெரிக்கக் காங்கிரஸில் தலைநகர் வாஷிங்டனின் பிரதிநிதியான வால்டர் ஃபான்ட்ராய். அவரது வேண்டுகோளின் விளைவாக, அரசின் தணிக்கை அமைப்பான பொதுக் கணக்கு அலுவலகம் 1983 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது.

அறிக்கை ஆராய்ந்தது தென்கிழக்கின் 8 மாநிலங்களில் இருந்த 4 அபாயகரக் கழிவுக் கிடங்குகளை மட்டுமே. 1980 கணக்கெடுப்பின்படி அக்கிடங்குகள் அமைந்த பகுதிகளில் கறுப்பினத்தவர் முறையே 90, 66, 52, 38 விழுக்காட்டினர். நான்கிலும் குறைந்தது 26 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தனர். நான்கு இடங்களிலிருந்து நாடு தழுவிய முடிவு எதனையும் கூற இயலாது. ஆனால் மனுதாரர்கள் தனியே திரட்டிய அட்டவணையாக இருந்த ஒன்று, காங்கிரஸின் தணிக்கை அமைப்பே வெளியிட்ட அட்டவணையாக மாறியது. அந்த மாற்றத்தின் எடை பெரிது.

நாடு தழுவிய முதல் ஆய்வை மேற்கொண்டது ஒரு திருச்சபை. ஐக்கிய கிறிஸ்து சபையின் இன நீதி ஆணையம் 1987இல், சார்லஸ் லீயின் ஆய்வுப் பொறுப்பில், 'நச்சுக்கழிவுகளும் இனமும்' பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இயங்கிவந்த 415 வணிகமுறை அபாயகரக் கழிவு நிலையங்கள் ஆராயப்பட்டன. நிலையம் எதுவும் இல்லாத அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் சிறுபான்மையினர் சராசரியாக 12 விழுக்காடு. ஒரு நிலையம் உள்ள பகுதிகளில் 24. ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களோ நாட்டின் மிகப் பெரிய ஐந்து கிடங்குகளுள் ஒன்றோ உள்ள பகுதிகளில் 38. வருமானம், வீட்டு மதிப்பு ஆகியவற்றைக் காட்டிலும் இனமே நிலையங்களின் இருப்பிடத்தோடு வலுவாக இணைந்திருந்தது என்பது அறிக்கையின் முடிவு.

அஞ்சல் குறியீட்டை அலகாகக் கொண்டதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. 1980 கணக்கெடுப்பில் கணக்கெடுப்பு வட்டாரங்கள் பெரும்பாலும் பெருநகரப் பகுதிகளுக்கு மட்டுமே வகுக்கப்பட்டிருந்தன. நாடு முழுவதையும் உள்ளடக்க வேண்டுமானால், கடிதம் கொண்டு சேர்ப்பதற்காக வரையப்பட்ட எல்லைகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

இவ்விடத்தில்தான் எதிர்வாதம் எழுந்தது. மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கழிவு மேலாண்மைப் பெருநிறுவனம் ஒன்றின் நிதியுதவியுடன் நடத்திய ஆய்வை 1994இல் 'டெமோகிராஃபி' இதழில் வெளியிட்டனர். அஞ்சல் குறியீட்டுக்குப் பதிலாகக் கணக்கெடுப்பு வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், நிலையம் உள்ள வட்டாரங்களுக்கும் இல்லாத வட்டாரங்களுக்கும் இடையே கறுப்பினத்தவர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றனர். நிதியின் ஊற்றைச் சுட்டி இவ்வாய்வைப் புறந்தள்ளுவது எளிது. ஆனால் அதன் அட்டவணைகளை ஊன்றிப் படிப்பதே பயன் தருவது. நிலையத்தைச் சுற்றி 2.5 மைல் வரையுள்ள வட்டாரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மறைந்த வேறுபாடு அதே கட்டுரையிலேயே மீண்டும் தோன்றியது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவையும் ஏற்கெனவே நிலையம் ஒன்றேனும் உள்ள பெருநகரப் பகுதிகளின் வட்டாரங்கள் மட்டுமே.

இச்சிக்கலைப் பெருமளவு அவிழ்த்தது பால் மொஹாய், ராபின் சாஹா ஆகியோர் 2006இல் அதே இதழில் எழுதிய கட்டுரை. கழிவு நிலையங்களுள் ஏறத்தாழப் பாதி, தாம் அமைந்த வட்டாரத்தின் எல்லைக் கோட்டிலிருந்து கால் மைலுக்குள் இருந்தன என்று அவர்கள் காட்டினர். இதில் வியப்பில்லை. வட்டார எல்லைகள் ஆறுகள், இருப்புப் பாதைகள், நெடுஞ்சாலைகள் ஆகியவற்றை ஒட்டி வரையப்படுகின்றன. தொழிற்சாலைகளும் அவற்றை ஒட்டியே எழுகின்றன. ஆகவே ஒரு நிலையத்தின் புகையைச் சுவாசிப்போரில் பலர், கணக்கின்படி, 'நிலையம் இல்லாத' பக்கத்து வட்டாரத்தினராக எண்ணப்பட்டு ஒப்பீட்டுக் குழுவில் சேர்ந்துவிடுகின்றனர். எல்லையை மறந்து தொலைவை அளவாகக் கொண்டால் படம் மாறுகிறது. இம்முறையைப் பின்பற்றித் திருச்சபை 2007இல் வெளியிட்ட புதிய அறிக்கையின்படி, நிலையங்களிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் வாழ்வோரில் 56 விழுக்காட்டினர் வெள்ளையரல்லாதோர். அதற்கு அப்பால் 30 விழுக்காடு. மெக்டொனால்ட் 1979இல் ஐயமாக எழுதியது 27 ஆண்டுகளுக்குப் பின் அளவிடப்பட்டது.

கேம்டனின் ஐந்து நாட்கள்

ஆய்வு முன்னேறியபோது சட்டம் அதனோடு சேர்ந்து முன்னேறவில்லை. 1994 பிப்ரவரி 11இல் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த 12898ஆம் ஆணை, மாசு மூலங்களைச் சுற்றி வாழ்வோரின் இனம், நாட்டு வழி, வருமானம் பற்றிய தரவைத் திரட்டுமாறு கூட்டாட்சித் துறைகளைப் பணித்தது. அதே ஆணை, தன்னால் எவருக்கும் நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை பிறக்காது என்றும் தெளிவாகக் கூறியது. எண்ணுவது கடமையாயிற்று, எண்ணியதற்கேற்பச் செயல்படுவது கடமையாகவில்லை.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை நியூ ஜெர்சியின் கேம்டன் நகரம் காட்டியது. அங்குள்ள வாட்டர்ஃப்ரண்ட் சவுத் பகுதியில் 2,132 பேர் வாழ்ந்தனர். அவர்களில் 63 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர், 28 விழுக்காட்டினர் ஹிஸ்பானியர், 9 விழுக்காட்டினர் வெள்ளையர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் குப்பை எரியூலையும் ஏற்கெனவே இருந்த அப்பகுதியில், எஃகு உலைக் கசடை அரைக்கும் ஆலை ஒன்றுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறை உரிமம் வழங்கியது. காற்றில் துகள்களின் அளவு வரம்புக்குள் இருக்கும் என்பதே அத்துறையின் வாதம். யார் மீது எத்தனையாவது சுமை ஏற்றப்படுகிறது என்பதை அது ஆராயவில்லை. நீதிபதி ஸ்டீபன் ஓர்லோஃப்ஸ்கி 2001 ஏப்ரல் 19இல் உரிமத்தை நிறுத்திவைத்தார். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவை ஒட்டிய விதிகள் சமமற்ற விளைவையும் தடை செய்கின்றன என்பது அவர் கொண்ட அடிப்படை.

ஐந்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 24இல், அலெக்சாண்டர் எதிர் சான்டோவல் வழக்கில் உச்சநீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில், அவ்விதிகளைக் கொண்டு தனிநபர் வழக்குத் தொடர முடியாது எனத் தீர்ப்பளித்தது. அது அலபாமாவின் ஓட்டுநர் உரிமத் தேர்வு எம்மொழியில் நடைபெற வேண்டும் என்பது பற்றிய வழக்கு. ஆண்டு முடிவதற்குள் கேம்டன் தடையும் மேல்முறையீட்டில் விழுந்தது. கேம்டன் மக்களின் புள்ளிவிவரத்தில் எவரும் குறை காணவில்லை. அதனைக் கேட்பதற்கான வாசல்தான் மூடப்பட்டது.

நியூ ஜெர்சி, 2020

நியூ ஜெர்சி அமைப்புகள் அதன் பின் நீதிமன்றத்தைக் காட்டிலும் சட்டமன்றத்தையும் நகராட்சிகளையும் நாடின. நூவர்க் நகரம் 2016இல் திரள் விளைவுகள் பற்றிய துணைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2020 செப்டம்பர் 18இல் ஆளுநர் பில் மர்ஃபி மாநிலச் சுற்றுச்சூழல் நீதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இச்சட்டத்தின் புதுமை அதன் வரையறையில் உள்ளது. 'மிகைச்சுமை சுமக்கும் சமூகம்' என்பது பின்வரும் மூன்றில் ஒன்று பொருந்தும் தொகுதிக் குழு: குறைந்தது 35 விழுக்காட்டுக் குடும்பங்கள் குறைந்த வருமானம் உடையவை, அல்லது குறைந்தது 40 விழுக்காட்டினர் சிறுபான்மையினர் அல்லது மாநிலம் ஏற்ற பழங்குடியினர், அல்லது குறைந்தது 40 விழுக்காட்டுக் குடும்பங்களில் ஆங்கிலத்தை நன்கு பேசும் பெரியவர் இல்லை. இங்கு புதிய குப்பைக் கிடங்கு, எரியூலை, பெரும் காற்று மாசு மூலம் முதலியவற்றுக்கு உரிமம் கோரப்பட்டால், பிற சமூகங்களைக் காட்டிலும் கூடுதலான சுமை விளையுமெனின் துறை மறுத்தே ஆக வேண்டும். அச்சமூகத்துக்கே தேவையான, தவிர்க்க இயலாத பொதுநலன் ஒன்று மட்டுமே விலக்கு. ஏற்கெனவே இயங்கும் நிலையங்களுக்கு மறுப்பில்லை. நிபந்தனைகளே விதிக்க முடியும். கேம்டன், நூவர்க் போன்ற நகரங்களுக்கு இது சிறிய குறையன்று.

ஹூஸ்டன் தீர்ப்போடு இவ்வரையறையை ஒப்பிட வேண்டும். இங்கு எவருடைய நோக்கத்தையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மக்கள்தொகைத் தரவு பாகுபாட்டின் சான்றாக முன்வைக்கப்படவும் இல்லை. அது நுழைவாயில் மட்டுமே. அலகும் வாதிகளும் பிரதிவாதிகளும் தத்தமக்கேற்பத் தேர்ந்துகொள்ளும் ஒன்றாக இல்லாமல், சட்டத்தின் சொற்களிலேயே எழுதப்பட்டுவிட்டது.

'அல்லது' என்ற சொல்லின் விளைவும் குறிப்பிடத்தக்கது. மாநில மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் இவ்வரையறைக்குள் வருகின்றனர். தமிழர் உட்பட இந்திய வம்சாவளியினர் மிகுந்து வாழும் எடிசன் நகரின் வசதியான தெருக்களும், சிறுபான்மை விகிதத்தால் மட்டுமே, இதில் அடங்கக்கூடும். எனவே வரையறை அளவுக்கு மீறி விரிந்தது என்ற குற்றச்சாட்டு எழுகிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. நுழைவாயிலைக் கடந்த ஒவ்வொரு சமூகத்திலும் 26 சுமைக்காரணிகள் கணக்கிடப்படுகின்றன. அவற்றின் மொத்தம், மிகைச்சுமை சுமக்காத சமூகங்களின் நடுமதிப்போடு ஒப்பிடப்படுகிறது. மாநில மதிப்பு, கவுண்டி மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானதே அளவுகோல். ஆக மக்கள்தொகைத் தரவு இருமுறை பயன்படுகிறது: யாரைக் காப்பது என்று முடிவு செய்ய ஒருமுறை, யாரோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்ய மறுமுறை. 1994ஆம் ஆண்டு விவாதத்தின் மையமாக இருந்த ஒப்பீட்டுக் குழுச் சிக்கலை இவ்விதி சட்ட வரையறையால் தீர்த்துவைத்தது எனலாம்.

எல்லா மாநிலங்களும் இவ்வழியில் செல்லவில்லை. கலிஃபோர்னியா 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாசுக்கட்டண வருவாயைப் பின்தங்கிய சமூகங்களுக்கு ஒதுக்கக் கணக்கெடுப்புத் தரவைப் பயன்படுத்துகிறது. ஆனால் 1996இல் வாக்காளர்கள் ஏற்ற 209ஆம் முன்மொழிவின் காரணமாக, அங்குள்ள மதிப்பெண் முறையில் இனம் ஒரு காரணியாக இடம்பெறவில்லை. அம்முறையும் 2013இல் அஞ்சல் குறியீட்டில் தொடங்கி, அடுத்த ஆண்டே கணக்கெடுப்பு வட்டாரத்துக்கு மாறியது.

வரம்பின் நுனியில்

வரம்பு ஒன்றை எண்ணாக எழுதியதும், அந்த எண்ணின் பிழைகளும் சட்டத்தின் பகுதியாகிவிடுகின்றன. தொகுதிக் குழுவின் வருமானம், மொழி ஆகியவை முழுக் கணக்கெடுப்பில் கேட்கப்படுவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 35 லட்சம் முகவரிகளில் நடத்தப்படும் அமெரிக்கச் சமூக ஆய்வின் ஐந்தாண்டு மாதிரிகளிலிருந்தே அவை மதிப்பிடப்படுகின்றன. அவ்வளவு சிறிய பகுதிக்குப் பிழை எல்லை மிகப் பெரிது. 33 விழுக்காடு எனக் காணப்படுவது உண்மையில் 40ஆகவும் இருக்கலாம், 26ஆகவும் இருக்கலாம். பட்டியலைக் குறைந்தது ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சட்டம் பணிப்பதால், எவரும் குடிபெயராமலேயே ஒரு தெரு பட்டியலில் நுழையவும் வெளியேறவும் கூடும்.

பிழை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதும் இல்லை. கணக்கெடுப்பு அலுவலகத்தின் சொந்தச் சரிபார்ப்பின்படி, 2020இல் கறுப்பினத்தவர் 3.30 விழுக்காடும் ஹிஸ்பானியர் 4.99 விழுக்காடும் குறைவாக எண்ணப்பட்டனர். ஹிஸ்பானியரல்லாத வெள்ளையர் 1.64 விழுக்காடு மிகையாக எண்ணப்பட்டனர். எந்த மக்களைக் காக்க வரம்பு எழுதப்பட்டதோ, அவர்களுள் விடுபட்டோரே அவ்வரம்பை எட்டத் தேவையானவர்களாக இருக்கலாம். சிறிய அலகைத் தேர்ந்தெடுத்ததால் ஹூஸ்டன் சிக்கல் குறைந்து இச்சிக்கல் வளர்ந்தது என்பதே என் கணிப்பு. இவ்விரண்டில் எது குறைந்த தீமை என்பதற்கு விடை புள்ளியியலில் மட்டும் இல்லை.

கூட்டாட்சி நிலையில் இவ்விவாதத்துக்கு இப்போது இடமே குறுகிவிட்டது. 12898ஆம் ஆணை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. அடுத்த மாதம், மாசு மூலங்களையும் மக்கள்தொகையையும் ஒரே வரைபடத்தில் காட்டிய கருவி கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையின் தளத்திலிருந்து அகற்றப்பட்டது. நியூ ஜெர்சிச் சட்டம் மாநிலச் சட்டமாதலால் இதனால் செயலிழக்கவில்லை. எனினும் அதன் வரம்புகள் கூட்டாட்சி அலுவலகம் எண்ணித் தரும் எண்களையே சார்ந்துள்ளன.

அந்த மாநிலத்தின் விதிகளில் உள்ள ஒரு சிறு பிரிவு தனித்துக் குறிப்பிடத்தக்கது. துறைமுகங்கள், விமான நிலையங்கள், கிடங்குகள் நிறைந்த சில தொகுதிக் குழுக்களில் மக்கள் எவருமே வாழ்வதில்லை. அங்கு விகிதம் கணக்கிட இயலாது. வரையறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், எவ்வளவு பெரிய எரியூலையும் அங்கு தடையின்றி எழலாம். ஆகவே மிகைச்சுமை சுமக்கும் சமூகத்தை நேரடியாக ஒட்டி, மக்கள்தொகை பூச்சியமாக உள்ள தொகுதிக் குழுவில் நிலையம் அமைக்கக் கோருவோரும் இவ்விதிகளுக்கு உட்பட்டோரே என அப்பிரிவு கூறுகிறது. எவரும் வாழாத இடத்தின் உரிமக் கோப்பிலும் கோட்டுக்கு மறுபக்கம் வாழ்வோரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.